மலையை அளந்தவர் யார்?

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் பாதையில், நகரத்திற்கு மேற்கே, மலையின் மறுபுறத்தில் அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை என்னும் ஊர். நகரத்துக் கோபுரங்களின் பின்னே ஒரு வடிவமாய்த் தோன்றும் மலை, இவ்வூரிலிருந்து பார்ப்பவருக்கு முற்றிலும் வேறொரு வடிவமாய்த் தோன்றுகிறது. நம் இந்து சகோதரர்கள் இம்மலையைப் பெரும்பாலும் ஏறுவதில்லை. 14 கிலோமீட்டர் தொலைவு காலால் நடந்து வலம் வருகிறார்கள். ஆண்டுக்கொரு முறை கார்த்திகைத் திங்களில் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. அவ்வொளியைச் சுற்றுவட்டாரமெல்லாம் காண்கிறது. ஆனால் கொப்பரையையும் நெய்யையும் திரித் துணியையும் தோளில் சுமந்து, ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அம்மலை மீது ஏறியவர்களைக் காண்பவர் எத்தனை பேர்?

இம்மலையைப் பற்றி அவர்களிடையே வழங்கும் புராணக் கதை ஒன்று யாவரும் அறிந்தது. அடியையும் முடியையும் தேடிப் புறப்பட்ட இருவரில், ஒருவர் தாம் அடியைக் காணவில்லை என்று உண்மையை ஒப்புக்கொண்டார். மற்றவரோ முடியைக் கண்டதாகப் பொய்ச் சாட்சி ஒன்றைத் துணைக்கு வைத்துச் சொன்னார். அந்நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. எனினும் அக்கதையினுள் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான ஓர் அறம் பொதிந்திருக்கிறது. உயரத்தை அடைந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் மனிதனுக்கு உள்ள ஆசை, உண்மையையும் மறைக்கத் துணியும் என்பதே அது.

இங்கே நாம் எழுப்ப விரும்பும் வினா இதுதான். அறிவைத் தேடி ஒருவர் மலை ஏறுகிறார். அவருடைய கருவிகளைப் பலர் சுமக்கிறார்கள். அவரை ஓர் அரசு அனுப்புகிறது. அம்மலையின் மேல் கிடைத்த அறிவும் அதனால் வரும் புகழும் யாருக்கு உரியவை? இதனை வெறும் சரித்திர வினா என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டிலும் கடையிலும் மதரஸாவிலும் அன்றாடம் எழுகின்ற நீதியின் வினாவே இது.

நந்தனா மலை

மலையில் ஏறி உலகை அளந்த பெருமக்களில் மிக மூத்தவராக நாம் அல்பிரூனியைச் சொல்லலாம். கி.பி. 973இல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த இப்பேரறிஞர், பஞ்சாபில் உள்ள நந்தனா என்னும் கோட்டையை அடுத்த மலையைக் கருவியாகக் கொண்டு பூமியின் அளவைக் கணக்கிட்டார். அவருக்கு முன், கலீஃபா மஃமூனின் காலத்தில், அறிஞர்கள் சின்ஜார்ப் பாலைவெளியில் நெடுந்தொலைவு நடந்து அளந்திருந்தனர். அல்பிரூனியோ, முதலில் சமவெளியில் இரண்டு இடங்களில் நின்று மலையுச்சியின் கோணங்களைக் கண்டு அதன் உயரத்தைக் கணித்தார். பின்பு உச்சிக்குச் சென்று, தொடுவானம் எத்துணை தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். அக்கோணம் 34 கலைகள். ஒரு பாகையில் 60 கலைகள் என்பதை நினைத்தால், எத்துணை நுட்பமான அளவு அது! மலையின் உயரம், தொடுவானத்தின் தாழ்வு என்னும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் ஆரத்தையே அவர் கண்டறிந்தார்.

இச்செய்தியைப் படிக்கும்போது நம் நெஞ்சம் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. அல்பிரூனி அம்மலைக்கு எவ்வாறு வந்தார்? கஜ்னி சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மை வென்று, 1017இல் அவரைத் தம் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அந்த மன்னருடைய படை திறந்த வழியாகவே அல்பிரூனி இந்நாட்டை அடைந்தார். வெற்றிகொண்டவனின் நிழலில் நின்றே அவர் ஆய்வு செய்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஏனெனில் அவரே அதனை மறைக்கவில்லை. மஹ்மூதின் படையெடுப்புகளால் இந்நாட்டின் செழிப்பு அழிந்ததையும், அறிவுத் துறைகள் வெல்லப்பட்ட பகுதிகளை விட்டு விலகிப் போனதையும் தம் இந்திய நூலில் அவர் வெளிப்படையாகப் பதிவு செய்தார். தம்மை வைத்திருந்த மன்னரின் குலம் ஆட்சியில் இருந்தபோதே இதனை எழுதினார் என்பதுதான் அவருடைய அறிவுக்கு நாம் தரும் மதிப்பைப் பன்மடங்காக்குகிறது.

வெள்ளை மலையும் ஒரு செல்வரும்

ஐரோப்பாவில் மலையேற்றமும் விஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடிய கதை ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்னும் செல்வருடையது. 1740இல் பிறந்த அவர் 1760இல், மோன் பிளாங்க் என்னும் வெள்ளை மலையின் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். 26 ஆண்டுகள் கழித்து, 1786 ஆகஸ்ட் 8ஆம் நாள், பல்மா என்னும் மலைவாசியும் பக்கார் என்னும் மருத்துவரும் அவ்வுச்சியை அடைந்தனர். மறு ஆண்டில் சொசூரும் ஏறினார். அவருடன் வழிகாட்டிகள் 18 பேரும் ஒரு பணியாளரும் சென்றனர். உச்சியில் அவர் காற்றின் அழுத்தத்தை அளந்தார். நீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று பார்த்தார். காற்றிலுள்ள ஈரத்தை மனிதரின் தலைமுடியைக் கொண்டு அளக்கும் கருவியை ஆக்கியவரும் அவரே.

இனி அந்தப் புகழ் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று பாருங்கள். மலையடிவாரத்து ஊராகிய ஷமோனியில் 1887இல் எழுப்பப்பட்ட சிலையில் சொசூரும் பல்மாவும் மட்டுமே நிற்கிறார்கள். உச்சியை முதலில் அடைந்த இருவரில் ஒருவரான மருத்துவர் பக்காருக்கு அங்கே இடமில்லை. அவருக்கெனத் தனிச் சிலை எழுந்தது 1986இல்தான். சரியாக 200 ஆண்டுகள்! கற்றவரான ஒரு மருத்துவரின் நிலையே இதுவானால், சொசூரின் ஏணிகளையும் கூடாரத்தையும் சுமந்த 18 பேரின் நிலையை நாம் சொல்ல வேண்டுமா?

பரங்கிமலையில் தொடங்கிய பயணம்

இப்போது நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். இந்நாட்டின் குன்றுகள் பலவற்றின் மீது கருவியோடு ஏறி, பூமியின் வடிவத்தையே ஆராய முனைந்தவர் வில்லியம் லாம்டன். யார்க்ஷயர்ப் பகுதியில் எளிய உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர். படைவீரராக அமெரிக்கா சென்றார். அங்கே சூரிய கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடியின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. கணிதத்தைத் தாமே முயன்று கற்றார். இந்தியாவிற்கு வந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். இரவில் படை தவறான திசையில், எதிரியின் முகாமை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டே அறிந்து எச்சரித்தவர் அவர்.

அந்தப் போரின் முடிவை நாம் அறிவோம். 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. வென்ற நிலத்தின் எல்லையையும் வழிகளையும் அறிய வேண்டிய தேவை கம்பெனிக்கு இருந்தது. அத்தேவையைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டார் லாம்டன். கம்பெனி நாட்டை அளக்க விரும்பியது. அவரோ பூமியை அளக்க விரும்பினார். 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை அருகே வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்.

அவர் கையாண்ட முறை எளிதில் விளங்கக் கூடியது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருபுறக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கினாலேயே காணலாம். அவ்வாறு கண்ட பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக்கொண்டே நாடு முழுவதும் செல்லலாம். ஆனால் ஒரு முனையில் நின்றால் மற்ற முனைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆதலால்தான் குன்றுகளின் உச்சிகள் தேவைப்பட்டன. குன்றில்லாத சமவெளிகளில் கோயிற் கோபுரங்கள் குன்றுகளாயின.

கோணத்தை அளந்த தியோடலைட் என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. லண்டனில் செய்யப்பட்ட அது, வரும் வழியிலேயே பிரெஞ்சுக் கப்பலொன்றால் கைப்பற்றப்பட்டு மொரீஷியஸ் தீவுக்குச் சென்றது. அது விஞ்ஞானத்திற்குரிய பொருள் என்று அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகைநாட்டாருக்கு அதனை மரியாதையுடன் அனுப்பி வைத்தார். போர்க் காலத்திலும் அறிவுக்குப் பகையில்லை என்று காட்டிய அச்செயல் பாராட்டத் தக்கதே. ஆனால் கடல் கடந்து வந்த அக்கருவி குன்றின் மீது எவ்வாறு ஏறியது? மனிதர்களின் தோள்களில்தான் ஏறியது. பாதையில்லாத பாறைகளில், முட்காடுகளில், ஒவ்வொரு குன்றாக ஏற்றி இறக்கினார்கள். அவர்களுள் நம் ஊர்ப்புறங்களின் மக்கள் எத்தனை பேரோ!

1808இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. வேறொருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். லாம்டனோ கூடாரத்தினுள் புகுந்து, ஆறு வாரங்கள் வெளிவராமல், கைவினைஞர் சிலரின் உதவியோடு வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். மேற்குக் கரையிலுள்ள மங்களூருக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள தொலைவு, பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்று நிறுவியதும் அவர் அளவைதான். 1817இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. எழுபது வயதை எட்டிய நிலையிலும் ஓய்வு கொள்ளாமல் வடக்கு நோக்கிச் சென்றவர், 1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் காலமானார். உலகின் மிக உயர்ந்த சிகரம் அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் என்பவரின் பெயரை 1865இல் பெற்றது. அச்சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. தொடங்கிய லாம்டனுக்கும் அது வாய்க்கவில்லை. கணக்கிட்ட சிக்தாருக்கும் வாய்க்கவில்லை.

ஆற்காட்டு முஹ்சின்

இவ்வளவைப் பணியின் வரலாற்றில் நாம் தனியே நினைக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் சையித் மீர் முஹ்சின் ஹுசைன். ஆற்காட்டைச் சேர்ந்தவர். ஆற்காடும் அண்ணாமலையும் 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை நெடுங்காலம் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை என்பதை எண்ணும்போது, இவர் நமக்கு அண்டை வீட்டாராகவே தோன்றுகிறார். நுண்கருவி வேலையில் இவருக்கிருந்த திறமையைக் கண்ட அளவைத் துறையினர் இவரைக் கல்கத்தாவிற்கு அழைத்துச் சென்றனர். பழுதான பெரிய கருவிகளைச் சீராக்குவதில் இவர் காட்டிய கைத்திறனையும் கற்பனைத் திறனையும் எவரெஸ்டே பாராட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஹென்றி பாரோ என்பவர் வகித்த கணிதக் கருவியாளர் பதவி, அவர் விலகிய பின், 1843இல் இவருக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் வகித்த பதவியை நம்மவர் ஒருவர் கைத்திறனாலேயே அடைவது அக்காலத்தில் எளிய செயலன்று.

ஒரு கோணத்தில் ஒரு கலை பிசகினால் மலை இடம் மாறிப் போகும். அப்பிசகு நேராமல் காத்தவை இத்தகைய கைகள். இமயத்தின் உயரத்தைப் பாடமாகப் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆற்காட்டு முஹ்சினின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

இரண்டு வழக்குகள்

இப்போது நம் வினாவை நேருக்கு நேர் சந்திப்போம். அதனுள் இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதல் வழக்கு: வெற்றிகொண்டவனின் பணத்தில், அவனுடைய தேவைக்காகத் தேடிய அறிவு தூய அறிவாகுமா? ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்வோர் உண்டு. லாம்டனின் முக்கோணங்கள் வழியாகக் கம்பெனியின் வரியும் படையும் சென்றன என்பது உண்மை. ஆயின் அதே அளவுகோலால் அளந்தால் நந்தனா மலையையும் நாம் துறக்க வேண்டியிருக்கும். பிறர்க்கு ஒரு நீதியும் நமக்கு ஒரு நீதியும் வைத்துக்கொள்வது நேர்மையாகாது. எண்ணத்தைப் பொறுத்தே செயல் எடைபோடப்படும் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைப் பாடம். பூமியின் வடிவத்தை அறிய விழைந்த எண்ணம் நல்லெண்ணமே. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் எண்ணம் தூயதாயிருப்பது மட்டும் போதுமா? தான் செய்த வாள் யார் கைக்குச் செல்கிறது என்று கொல்லன் அறிந்திருக்க வேண்டுமல்லவா? அறிவு ஓர் அமானிதம். அதனைப் பெற்றவன், அது பயன்படும் வழியைக் கண்டும் காணாதவனாய் இருத்தல் ஆகாது. அல்பிரூனியை நாம் போற்றுவது அவர் உலகை அளந்ததற்காக மட்டுமன்று. தம் மன்னரின் கொடுமையையும் அளந்து எழுதியதற்காக. ஆள்பவரின் நிழலில் நின்று ஆய்வு செய்ய நேர்ந்தவர், அந்நிழல் எத்துணை இருண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவே அந்த அமானிதத்தைச் சரியாக ஒப்படைப்பதாகும்.

இரண்டாம் வழக்கு சுமந்தவர்களைப் பற்றியது. இதில் எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதுதான். நூறு பேர் சேர்ந்து நூறு முறை கருவியைத் தூக்கினாலும் பூமியின் அளவு வெளிப்பட்டிராது. லாம்டனின் கணக்கு இருந்ததால்தான் வெளிப்பட்டது. கூலி வாங்கியவர் கூலி பெற்றார்; அறிந்தவர் புகழ் பெற்றார்; இதில் அநீதி எங்கே என்று கேட்கலாம்.

சுமந்தவரும் கணித்தவரும் சமம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் நீதி என்பது எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுப்பது மட்டுமன்று. உரிய அளவை இல்லாமல் ஆக்காதிருப்பதும் நீதியே. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. பெயரும் ஒரு கூலிதான். காசாகக் கொடுக்கும் கூலி அன்று மாலையே செலவாகிவிடுகிறது. பெயராகக் கொடுக்கும் கூலியோ பேரன் காலம்வரை நிற்கிறது. முன்னதைக் கொடுத்துப் பின்னதைப் பிடித்து வைத்துக்கொண்டால், பாதிக் கடன் தீராமலே இருக்கிறது.

மேலும், சுமந்தவரிடம் அறிவு இல்லை என்பது உண்மைதானா? லாம்டனின் பணிக்குச் செலவிடுவதை எதிர்த்த சென்னை அரசின் நிதித்துறைப் பெரியவர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் செல்ல விரும்புபவர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாலே போதும், லாம்டனின் வரைபடம் எதற்கு என்ற கருத்தில் ஏளனம் செய்தாராம். விஞ்ஞானத்தின் பயனை உணராத பேச்சுத்தான். ஆயினும் அவர் அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். பல்லக்குத் தூக்குவோனுக்கு வழி தெரியும்! எந்தக் குன்றில் ஊற்று உண்டு, எந்தச் சரிவில் கால் வழுக்கும், எக்காலத்தில் எக்காட்டில் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் தியோடலைட்டில் தெரிவதில்லை. அவற்றை அறிந்தவர்கள் முன்னே நடந்ததால்தான் கருவி பின்னே சென்றது.

இரு சங்கிலிகள்

இங்கே நம் முன்னோர் உலகுக்கு அளித்த ஓர் அரிய முறையை நினைவுகூர்தல் பொருந்தும். ஹதீஸ் கலையில் செய்தி மட்டும் போதாது. அச்செய்தி யார் யார் வழியாக வந்தது என்னும் சனதும் வேண்டும். ஒருவர் பெயர் விடுபட்டாலும் அச்சங்கிலி அறுந்ததாகவே கருதப்படும். அதில் சொன்னவரின் குலமோ செல்வமோ பார்க்கப்படுவதில்லை; உண்மையும் நினைவாற்றலுமே பார்க்கப்படுகின்றன. இப்னு உமர் அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமையான நாஃபிஉ அவர்கள், இமாம் மாலிக் அவர்களுக்குச் செய்தி சேர்த்த வழி பொற்சங்கிலி என்றே போற்றப்படுகிறது. அடிமையாயிருந்தவரின் பெயர் இமாமின் பெயரோடும் நபித்தோழரின் பெயரோடும் ஒரே வரியில் நிற்கிறது. அறிவைச் சுமந்து வந்தவரின் பெயரை அழிப்பது, அறிவின் மீதே ஐயத்தை உண்டாக்கும் என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

பரங்கிமலையில் விரிக்கப்பட்ட எஃகுச் சங்கிலி நிலத்தை அளந்தது. அதன் ஒவ்வொரு கண்ணியும் கணக்கில் இருந்தது. ஆனால் அதனைத் தூக்கிப் பிடித்த கைகள் கணக்கில் இல்லை. சனது என்னும் சங்கிலியிலோ கைகளே கண்ணிகள். முதற்சங்கிலியின் நுட்பத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் இரண்டாம் சங்கிலி நம்முடையது. அதனை நாமே கைவிட்டுவிட்டு, கற்றுக்கொள்வதற்கு யாரைத் தேடிப் போவோம்?

கைவிட்டிருக்கிறோமா என்று நம் வாழ்வைப் பார்த்துக் கேட்டுக்கொள்வோம். பள்ளிவாசல் கட்டியதும் கல்லில் பொறிக்கப்படுவது பணம் தந்தவரின் பெயர். கட்டிய கொத்தனாரின் பெயர் எங்கே? நூலின் முகப்பில் ஆசிரியரின் பெயர் உண்டு. கைப்பிரதி எடுத்தவர், எழுத்துக் கோத்தவர் பெயர்கள் எங்கே? மகன் படித்துப் பட்டம் பெற்றால் குடும்பத்தின் பெருமை என்கிறோம். அவன் படிக்கவேண்டுமென்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காளின் பெயரை யாரேனும் சொல்கிறோமா? இவை ஒவ்வொன்றும் ஒரு குன்று. ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்க, பலர் சுமந்திருக்கிறார்கள்.

மலை மனிதனுக்குக் கற்பிக்க வேண்டியது பணிவு. உச்சியில் நிற்பவன் கீழே பார்த்தால் ஊர்கள் சிறியனவாய்த் தெரியும். அதனால் அவனுக்குக் கர்வம் வரலாம. அதே உச்சியில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால், தான் எத்துணை சிறியவன் என்பது தெரியும்; அதனால் பணிவு வரலாம். நின்ற இடம் ஒன்றே. நோக்கிய திசைதான் வேறு. அல்பிரூனி தொடுவானத்தை நோக்கினார்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு லாம்டனின் விடாமுயற்சியைச் சொல்லிக் கொடுப்போம். ஒரு கண்ணின் பார்வை குன்றியவர், உதவிப் பணமும் ஊக்கமும் குறைவாயிருந்த நிலையில், உடைந்த கருவியைத் தம் கையாலேயே திருத்தி உலகை அளந்தார் என்பது எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் நல்ல பாடமே. ஆனால் அதே மூச்சில் ஆற்காட்டு முஹ்சினின் பெயரையும் சொல்வோம். பெயர் தெரியாத தோள்களையும் சேர்த்துச் சொல்வோம். பெயரை இனி நாம் கண்டெடுக்க முடியாது. அவர்கள் இருந்தார்கள் என்று சொல்லவாவது முடியும். மலையை அளந்தவர் யார் என்று பிள்ளை கேட்டால், ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், உடன் இருந்தவர் யாவர் என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். எல்லார் பெயரையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அறிந்த பெயர்களை மறைக்காதிருப்பது நம் கடமை.